நாலு மோட்டாரும் ஒரே ஒரு ஒயரும்

கூடுவாஞ்சேரியில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால், தாம்பரம் தாண்டி குரோம்பேட்டை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எம்.ஐ.டி., 1949-ல் தொடங்கிய கல்லூரி. அங்கே இருந்து கிளம்பிய தக்‌ஷா குழு 2018-ல் ஆஸ்திரேலியா போய், ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அஜித் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்ததால் பேப்பரில் எல்லாம் வந்தது, ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருந்தது அஜித் மட்டும்தான்! ட்ரோனுக்குள் மோட்டார் வேகத்தை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று யோசித்ததே இல்லை. பி.காம். படிப்பவன் ஏன் யோசிக்கணும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கடைசியில் லைசென்ஸ், பணம் எல்லாம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ட்ரோன் மோட்டாருக்கு மூணு ஒயர். பேட்டரிக்கு ரெண்டு. நடுவில் உட்கார்ந்து பேட்டரி கரண்டை மூணு ஒயருக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் ஈ.எஸ்.சி. என்கிற சின்ன போர்டு. எந்த ஒயருக்கு எப்போது கொடுப்பது? அந்த நேரத்தில் கரண்ட் போகாமல் சும்மா இருக்கிற ஒயரில் வரும் மின்னழுத்தத்தைப் பார்த்து, மோட்டார் எங்கே திரும்பி நிற்கிறது என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அதற்குள்ளும் ஒரு சிப், ஒரு புரோகிராம். நாலு மோட்டாருக்கு நாலு.

ஆரம்பத்தில் இதெல்லாம் பொம்மை விமானத்துக்காகச் செய்தது. 2010 வாக்கில், நிண்டெண்டோ வீ கேம் ரிமோட்டில் இருந்த சென்சாரைக் கழற்றி, மல்டிவீ என்ற புரோகிராம் போட்டு நாலு மோட்டார் ட்ரோன் பறக்கவிட்டார்கள். அப்போது ஒரு சிக்கல். விமானத்துக்கான ஈ.எஸ்.சி. வேகத்தை மெதுவாக, பக்குவமாக ஏற்றும். நாலு மோட்டார் வண்டிக்கு அது ஆகாது. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க மோட்டார் உடனே வேகம் எடுக்கணும், இல்லாவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். சைமன் கிர்பி என்பவர் அந்தத் தாமதத்தை எடுத்துவிட்டுப் புதுப் புரோகிராம் எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதே காலத்தில் நார்வேயில் ஸ்டெஃபென் ஸ்காவ் சின்ன ஹெலிகாப்டர்களுக்காக பி.எல்.ஹெலி எழுதினார். (பேரில் 'ஹெலி' வந்தது அதனால்தான்.) அதுவும் இலவசம், திறந்த மூலம்.

ஆனால் இந்தப் புரோகிராமை உள்ளே ஏற்றுவது இருக்கிறதே... ஈ.எஸ்.சி. மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையை பிளேடால் கிழித்து, சிப் பக்கத்தில் கடுகளவு இருக்கும் புள்ளிகளில் ஒயர் பற்ற வைக்கணும். ஒன்று முடிந்தால் இன்னும் மூணு. கை நடுங்கினால் போர்டு காலி.

இதை மாற்றியது 2015 வாக்கில் வந்த ஒரு எளிய யோசனை. ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டிலிருந்து ஒவ்வொரு ஈ.எஸ்.சி.க்கும் ஏற்கெனவே ஒரு சிக்னல் ஒயர் போகிறது. பறக்கும்போது 'இவ்வளவு வேகம்' என்று சொல்கிற அதே ஒயர் வழியாக, தரையில் நிற்கும்போது செட்டிங்கை மாற்றினால் என்ன? கிளீன்ஃப்ளைட், பீட்டாஃப்ளைட் புரோகிராம்களில் இந்த வசதி வந்தது. கம்ப்யூட்டர் கேட்டவுடன் ஃப்ளைட் கன்ட்ரோலர் தன் வேலையை நிறுத்திவிட்டு வெறும் பாலமாக மாறிவிடும். பாஸ்த்ரூ என்பார்கள். யு.எஸ்.பி. சொருகி, இறக்கையைக் கழற்றி (இது முக்கியம், விரல் போய்விடும்), பேட்டரி இணைத்தால் நாலும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா? முன்பெல்லாம் மூணு ஒயரில் ரெண்டை இடம் மாற்றிப் பற்ற வைக்கணும். இப்போது ஒரு கிளிக்.

2016 கடைசியில் டிஷாட் வந்தது. அதுவரை வேகம் என்பது ஒரு துடிப்பின் நீளம். இரண்டு பக்கமும் கடிகாரம் கொஞ்சம் முன்னே பின்னே ஓடினால் நாலு மோட்டாரும் நாலு கணக்குப் போடும். அதனால் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து அளவு சரிபார்க்கணும். டிஷாட்டில் வேகமே 16 பிட் எண்ணாகப் போகிறது. 11 பிட் வேகத்துக்கு, 1 பிட் தகவல் திருப்பிக் கேட்க, 4 பிட் தப்பு வந்ததா என்று பார்க்க. எங்கள் டபுள் என்ட்ரியில் இரண்டு பக்கமும் டேலி ஆகிறதா என்று பார்ப்பது மாதிரிதான். சரிபார்க்கும் வேலையே போயிற்று.

இப்போது பணம். பி.எல்.ஹெலியின் அடுத்த தலைமுறையான பி.எல்.ஹெலி_32 திறந்த மூலம் இல்லை. தயாரிப்பாளர் ஒவ்வொரு ஈ.எஸ்.சி.க்கும் லைசென்ஸ் வாங்கணும். நன்றாக இருந்தது, எல்லோரும் வாங்கினார்கள். 2024 ஜூனில் அந்த நார்வே நிறுவனம் திடீரென்று நிறுத்திவிட்டது. கையில் இருப்பது பறக்கும், ஆனால் புது லைசென்ஸ் இல்லை. ஒரே சப்ளையரை நம்பிக் கடை நடத்துபவன் நிலைமை!

நம் ஊர் விஷயமும் இதில் இருக்கிறது. 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தது (ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறைக்கு மட்டும் விலக்கு). உதிரி பாகத்துக்குத் தடை இல்லை. அப்படியென்றால் வண்டி இந்தியாவில் தயாரானது என்று கணக்கில் எழுதலாம், உள்ளே மோட்டாரைச் சுற்ற வைக்கும் புரோகிராம் ஓஸ்லோ பக்கத்திலோ வேறு எங்கோ ஒருவர் கையில் இருக்கலாம். சட்டம் பெட்டியைப் பார்த்தது, உள்ளே ஓடும் எழுத்தைப் பார்க்கவில்லை என்பது என் அபிப்ராயம்.

இடத்தை நிரப்பியது ஏ.எம்.32 என்ற இலவச, திறந்த மூலப் புரோகிராம். பழைய பி.எல்.ஹெலி_எஸ் போர்டுகளுக்கு புளூஜே. அதுவும் பழைய திறந்த மூலத்தின் மேல் கட்டியதுதான். ஸ்காவ் அன்று சும்மா கொடுத்தது இன்றும் ஓடுகிறது, விற்றது நின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பி.எல்.ஹெலி_32 போர்டு பலவற்றில் ஏ.எம்.32 ஓடும், ஆனால் சிப் பூட்டப்பட்டிருக்கிறது. முதல் தடவை பூட்டைத் திறக்க பாஸ்த்ரூ உதவாது. உறையைக் கிழித்து, கடுகளவுப் புள்ளியில் ஒயரை வைக்கணும். ஒன்று முடிந்தால் இன்னும் மூணு.