ஹர்த்தால் முதற் காலிமுகத்திடல் வரை: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

மக்கட் கிளர்ச்சியின் பின்னர் ஆட்சித் தலைவரொருவர் பதவி துறந்த நிகழ்ச்சிகள் சுதந்திர இலங்கையின் வரலாற்றில் மிகச் சிலவே. அவற்றுள் 1953ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் 2022ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் ஒப்புநோக்கத் தக்கன. தலைவர் விலகினால் யாது மாறும் என்ற ஐயம் தமிழ்ப் பிரதேசங்களில், சிறப்பாக வன்னியில், ஏன் வேரூன்றி நின்றது என்பதை இவ்விரண்டையும் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

1953இல், ஜே. ஆர். ஜயவர்த்தன நிதியமைச்சராக இருந்த காலத்தில், பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. இடதுசாரிகள் ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தனர். தமிழரசுக் கட்சியும் ஆதரவு நல்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது என்பது அந்நாளைய அச்சத்திற்குப் போதிய சான்று. அக்டோபரில், உடல்நலமும் குன்றிய நிலையில், டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

பின்னர் நடந்தது யாது? சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானார். 1954இல் யாழ்ப்பாணம் வந்தவர் சிங்களத்திற்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வழங்கப்படும் என்றார். 1956 பெப்ரவரியில் அவரது கட்சியே களனி மாநாட்டில் சிங்களம் மட்டும் என்று தீர்மானித்தது. தேர்தலில் அக்கட்சி தோற்றது. வென்ற பண்டாரநாயக்க அதே கொள்கையை அவ்வாண்டே சட்டமாக்கினார். மூன்றாண்டுகளில் மூன்று பிரதமர்கள். தமிழரின் வினா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. (இருந்த இடத்திலும் பின்தள்ளப்பட்டது என்பதே பொருந்தும்.)

2022இன் நெருக்கடியைத் தென்னிலங்கை ஒரு பேரிடியாக உணர்ந்தது. எரிபொருள் வரிசை, பதின்மூன்று மணி நேர மின்வெட்டு, பால்மாத் தட்டுப்பாடு யாவும் உண்மையான துன்பங்களே. ஆனால் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும், சவர்க்காரத்திற்கு அலைந்தவர்களும் வன்னியில் இன்றும் வாழ்கின்றனர். அந்நாட்களில் தங்களுக்காகக் கொழும்பில் எவரும் திரளவில்லை என்பதை அவர்கள் மறக்கவில்லை.

எனினும் எம்மிற் சிலர் காலிமுகத்திடலுக்குச் சென்று நின்றோம். ‘வீட்டுக்குப் போ’ என்ற முழக்கம் எழுந்தபோது வாய் திறப்பதா என்ற தயக்கம் இருந்தது. அது கோட்டாபய ராஜபக்சவின் மீது கொண்ட பரிவன்று. 2009இல் போர் முடிவுற்றபோது அவரே பாதுகாப்புச் செயலாளர். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 முதல் அமர்ந்த தாய்மார் கேட்டது பிள்ளைகள் எங்கே என்பதே. 2020 ஜனவரியில், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று ஜனாதிபதியாக அவர் ஐக்கிய நாடுகள் பிரதிநிதியிடம் கூறினார். எப்போது, எவ்விடத்தில், யாருடைய கையால் என்பதைச் சொல்லவில்லை. விடை சொல்ல வேண்டியவரை வீட்டுக்கு அனுப்புவது அவருக்கு விடுதலையாகிவிடாதா?

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலியதுமாகும். அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை பதவியிலுள்ள ஜனாதிபதிக்கு வழக்குகளிலிருந்து விடுபாட்டுரிமை அளிக்கின்றது. ஆகவே விலகலே விசாரணைக்கு முதற்படி என்பர். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ச சகோதரர்களும் வேறு சிலரும் பொறுப்பாளிகள் என்று தீர்ப்பளித்தது இவ்வாதத்திற்கு வலுவூட்டும். ஆயின் அது பொருளாதாரத்தைப் பற்றியது. 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், போரின் இறுதியில் சரணடைந்து காணாமற்போனவர் தொடர்பான ஆட்கொணர்வு மனுவில் இராணுவத்தைப் பொறுப்பாக்கியது. அவ்வழக்கை அங்குக் கொண்டுவந்தது காலிமுகத்திடலின் முழக்கமன்று; உறவினரின் நீண்டகால விடாமுயற்சியாகும்.

காலிமுகத்திடல் பயனற்றது என்று கூறுவதும் பொருந்தாது. 2022 மே 18ஆந் திகதி அங்கே முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்கு விளக்கேற்றப்பட்டது. சிங்கள இளைஞரும் அருகில் நின்றனர். அதற்கு முந்திய பதின்மூன்று ஆண்டுகளில் கொழும்பின் நடுவே அப்படியொரு காட்சியை எண்ணிப்பார்த்தல் அரிது. அத்திடலில் நின்றதற்கு நான் காணும் காரணம் அதுவே. பதவி விலகற் கோரிக்கையன்று.

ஜூலை 14ஆந் திகதி விலகற் கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. 20ஆந் திகதி நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவு செய்தது; 22ஆந் திகதி அதிகாலை படையினர் காலிமுகத்திடற் கூடாரங்களைப் பிடுங்கினர். கிளிநொச்சியில் தாய்மாரின் போராட்டம் நிற்கவில்லை. அது இரண்டாயிரமாவது நாளை எட்டியது 2022 ஆகஸ்ட் 12. ஹர்த்தால் நடந்த அதே திகதி.