ஒப்பித்து முடித்த பிறகு: தொடக்கப் பள்ளிச் செயல்திட்ட மதிப்பீட்டில் விடுபடும் நிமிடங்கள்

தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில் கேட்டிருந்த மாற்றம் அந்த மதிப்பீட்டு முறை. ஒரு பாடத்துக்கான 100 மதிப்பெண்ணில் 60 பருவ இறுதியில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த நாற்பதில் பாதி சிறு தேர்வுகளுக்கும் பாதி செயல்பாடுகளுக்கும் பிரிந்தது. ஆசிரியர்களின் பேச்சில் செயல்பாடுகளுக்கான இருபதுக்கு ‘எஃப்.ஏ. (அ)’ என்று பெயர். ஒரு குழந்தை தானே தேடி, செய்து, கொண்டுவந்து, வகுப்பின் முன் நின்று விளக்குவதற்கு மதிப்பெண் பட்டியலில் இப்படி ஒரு முறையான இடம் கிடைத்தது. அந்த இருபது மதிப்பெண் எதை அளக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

செயல்திட்டம் ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலையில் பள்ளிக்கு அருகிலுள்ள எழுதுபொருள் கடைகளைப் பார்த்தால் பதிலில் ஒரு பகுதி தெரியும். சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, தெர்மாகோல், வெட்டி ஒட்டுவதற்கென்றே அச்சிட்ட படத்தாள்கள் எல்லாம் கடையிலேயே இருக்கின்றன. ‘போக்குவரத்து’, ‘பறவைகள்’, ‘தேசத் தலைவர்கள்’ என்று தலைப்பைச் சொன்னால் போதும். வாங்குவது பெற்றோர், எழுதுவது அக்காவோ அண்ணனோ. மறுநாள் குழந்தை வகுப்பின் முன் நின்று, அட்டையில் உள்ளதை மனப்பாடமாகச் சொல்கிறது. கைதட்டல். மதிப்பெண்.

இதற்குக் குழந்தையையோ பெற்றோரையோ குறை சொல்ல முடியாது. எதற்கு மதிப்பெண் கிடைக்கிறது என்று பள்ளி காட்டுகிறதோ, வீடு அதையே தயாரித்து அனுப்புகிறது.

நான்காம் வகுப்பு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தலைப்பு இலைகள். ஒரு சிறுமி, பளிச்சென்ற அட்டையில் இலையின் படம் ஒட்டி, இலைக்காம்பு, இலைப்பரப்பு, நடுநரம்பு என்று பாகங்களைத் தடங்கலின்றிச் சொல்லி முடிக்கிறாள். அடுத்து வரும் சிறுவனிடம் அட்டை இல்லை. வீட்டு மரத்திலிருந்து ஒடித்து வந்த முருங்கைக் கொத்து மட்டும் இருக்கிறது. “எங்கம்மா கீரை ஆயும்போது இந்தச் சின்னச் சின்னதை உருவிட்டு ஈர்க்கைத் தூக்கிப் போடுவாங்க. ஆனா மொட்டு இந்தச் சின்னதுக்குக் கீழ இல்ல, ஈர்க்கு கிளையோட சேருற இடத்துலதான் இருக்கு. அப்ப எது சார் இலை?” என்று கேட்டுவிட்டு நின்றுவிடுகிறான். அவனுடைய பேச்சுக்கு முடிவுரை இல்லை.

அவன் தொட்டிருப்பது தாவரவியலின் அடிப்படையான ஒரு வேறுபாட்டை. முருங்கை, வேம்பு, புளி இவற்றில் நாம் அன்றாடம் இலை என்று சொல்வது சிற்றிலை. ஈர்க்கும் அதிலுள்ள சிற்றிலைகள் எல்லாமும் சேர்ந்ததுதான் ஓர் இலை, கூட்டிலை. இரண்டையும் பிரித்தறிய உதவுவது, இலை தண்டோடு சேரும் கோணத்தில் இருக்கும் மொட்டு. சிறுவன் அந்த மொட்டைக் கண்டுபிடித்துவிட்டான்; கலைச்சொல் மட்டும் அவனிடம் இல்லை. தெளிவான குரல், அழகிய அட்டை, முழுமையான உரை என்ற மூன்று வரிசைகளுள்ள மதிப்பீட்டுத் தாளில் அவனுக்கு என்ன கிடைக்கும்? சிறுமிக்கும் இதில் அநீதி நடக்கிறது. அவளிடம் அந்தக் கொத்தைக் கொடுத்து, “இதில் ஓர் இலையை மட்டும் காட்டு” என்று கேட்டிருந்தால், அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவளே அறிந்திருப்பாள். யாரும் கேட்கவில்லை.

உளவியலர் எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இங்கே உதவும். ராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களின் உடற்கட்டு, அறிவுத்திறன், தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றைத் தனித்தனியாக மதிப்பிட்டிருந்தார்கள். அந்த மதிப்பீடுகள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. ஒரு பண்பில் உண்டான நல்லெண்ணம் மற்றவற்றின் மீதும் ஒளிவட்டமாய்ப் படிந்திருந்தது. உடற்கட்டையும் அறிவையும் பிரித்துப் பார்ப்பதே அவ்வளவு கடினம் என்றால், ஓர் ஒன்பது வயதுக் குழந்தையின் கணீரென்ற குரலையும் அது சொல்லும் பொருளையும் பிரித்துப் பார்ப்பது இன்னும் கடினம். அளவுகோல் தாளில் கட்டங்களைக் கூட்டினால் இந்தச் சிக்கல் தீராது. எல்லாக் கட்டங்களையும் நிரப்புவது, ஒரே மனப்பதிவைக் கொண்ட ஒரே கை.

தமிழ் வகுப்பறையில் இந்த ஒளிவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே இருக்கும் தொலைவு அது. மேடை என்றதும் குழந்தை எழுத்து நடைக்கு மாறுகிறது. அந்த நடையில் ஒன்பது வயதில் தானாக யோசித்துப் பேசுவது அரிது என்பதால் மனப்பாடத்துக்குத் தாவுகிறது. “நீரானது மூன்று நிலைகளில் காணப்படுகிறது” என்று சொல்லும் குழந்தை பாராட்டுப் பெறுகிறது. “பானைக்கு வெளியில வேர்க்குதே, அது உள்ள இருக்கிற தண்ணியா?” என்று கேட்கும் குழந்தைக்குக் கிடைப்பது மொழித் திருத்தம். எழுத்துத் தமிழைக் கற்பிப்பது பள்ளியின் கடமைதான். அறிவியல் செயல்திட்டத்தை மதிப்பிடும் நேரம் அதற்கு உரிய நேரமில்லை. சிந்திக்கும் மொழியிலேயே விளக்க இடம் தராவிட்டால், மதிப்பீடு குழந்தையின் சிந்தனையைப் பார்க்கவே போவதில்லை.

பேசி விளக்குவதன் மதிப்பைத் தமிழ் மரபு நன்கு அறிந்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குச் சொல்கிறார்: ஆசிரியரிடம் கேட்டதால் வருவது கால் பங்குப் புலமை, உடன் கற்பவரோடு பழகுவதால் இன்னொரு கால், மீதி அரைப்பங்கு, பிறருக்கு எடுத்து விரித்துரைக்கும்போது வருகிறது. வினவுவதையும் வினாவுக்கு விடை தருவதையும் கற்பவரின் கடமைகளாகவே அவர் எண்ணுகிறார். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய சிறப்புப் பாயிரமும் அந்நூல் அதங்கோட்டாசான் முன் ஐயமறத் தெரிவிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. அரங்கேற்றத்தின் உயிர் தடையும் விடையும்தான். இன்றைய வகுப்பறை அரங்கேற்றத்தை எடுத்துக்கொண்டு அந்த உயிரை விட்டுவிட்டது.

எனவே மதிப்பீடு தொடங்க வேண்டிய இடம் கைதட்டலுக்குப் பின் வரும் இரண்டு மூன்று நிமிடங்கள். அங்கே கேட்கப்படும் கேள்வி அட்டையில் விடை இல்லாத கேள்வியாக இருக்க வேண்டும். ‘இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?’, ‘நீ நினைத்ததற்கு மாறாக என்ன நடந்தது?’, ‘வேப்பிலையிலும் இப்படித்தான் இருக்குமா?’ போன்றவை. கேட்பவர் ஆசிரியராகவே இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஆசிரியர் ரான் பெர்கர் பரவலாக எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்வு இதற்குச் சான்று. ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் புகைப்படத்தைப் பார்த்து ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைந்தான். முதல் ஓவியம் அந்த வயதுக்கு வழக்கமான பொம்மைப் படம். வகுப்புத் தோழர்கள் முதலில் இறகின் வடிவத்தைப் பற்றி மட்டும், பிறகு கோலங்களைப் பற்றி யோசனை சொன்னார்கள். ஆறாவது முயற்சியில் அந்த இனத்தை அடையாளம் காணும் அளவுக்குத் துல்லியமான படம் வந்தது. முதல் படத்துக்கே மதிப்பெண் இட்டு அனுப்பியிருந்தால் மற்ற ஐந்தும் இல்லை.

மதிப்பெண்ணோடு சேர்த்துக் கருத்தும் எழுதிவிட்டால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் ரூத் பட்லர் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு இதையே சோதித்தது. கருத்து மட்டும் பெற்றவர்களிடம் ஆர்வமும் செயல்திறனும் மேம்பட்டன. மதிப்பெண்ணும் கருத்தும் சேர்ந்து பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. எண் கண்ணில் பட்டதும் சொல் பின்னுக்குப் போய்விடுகிறது. மதிப்பெண் தேவை என்றால் பருவ முடிவில், திருத்தங்களுக்குப் பிறகு பதிவேட்டில் ஏறட்டும். குழந்தையின் கைக்கு முதலில் போக வேண்டியது சொல்.

கடினமான மறுப்பு நேரம் பற்றியது. சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 150 நிமிடம். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் ஈராசிரியர் பள்ளியில் இந்தக் கணக்கே எடுபடாது. எல்லோரையும் ஒரே நாளில் நிறுத்துவதை விட்டால் பாரம் குறையும். நாளுக்கு மூன்று குழந்தைகள் என்றால் இரண்டு வாரத்தில் வகுப்பு முழுவதும் பேசிவிடும். பருவத்துக்கு நான்கு செயல்பாடு என்பதற்குப் பதில் உருப்படியாய் ஒன்று போதும். இன்னொரு வழியைத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு காட்டுகிறது. பத்து வயது முதல் பங்கேற்கும் அந்த மாநாட்டில், நாள்தோறும் செய்ததை எழுதிவைத்த குறிப்பேடும் ஆய்வறிக்கையோடு பார்க்கப்படுகிறது. நான்காம் வகுப்புக்கு அதை எளிமையாக்கலாம்: தேதி, பார்த்தது, புரியாதது. கடையில் வாங்கிய அட்டைக்கு அப்படி ஒரு குறிப்பேடு இருக்காது.

முருங்கைச் சிறுவனின் கணக்கில் ஆசிரியர் எழுத வேண்டியது இரண்டு வரிதான்: ‘மொட்டு இருக்கும் இடத்தைத் தானே பார்த்திருக்கிறான். வேம்பிலும் புளியிலும் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வகுப்புக்குச் சொல்ல வேண்டும்.’ மதிப்பெண் பதிவேட்டில் இப்போது அந்த இடத்தில் இருப்பது, ஓர் எண் மட்டும் கொள்ளும் கட்டம். அடுத்த பருவத்துக்கான பதிவேட்டை அச்சிடும்போது அந்தக் கட்டத்தை அகலமாக்கினால் போதும்.