படலை தேடி வந்த பாடம்: இலங்கையில் போசாக்குக் கல்வி

எமது பழைய மாணவியர் சங்கம் தோன்றிய காலத்தை ஒட்டி, 1926இல், களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திராமல், மருத்துவம் வீடு தேடிப் போகும் முறை அங்கு உருப்பெற்றது. இன்று எமது ஊர்களில் குடும்பநல உத்தியோகத்தர் என்று நாம் அழைக்கும் பெண்கள் அந்த மரபின் வாரிசுகள். பிள்ளையை நிறுத்துப் பார்ப்பது அவர்களது வேலையில் பாதிதான். நிறை ஏன் ஏறவில்லை என்று தாயோடு இருந்து கதைப்பது மறுபாதி.

இந்த மறுபாதியின் பெறுமதியை முன்கூட்டியே உணர்ந்தவர் வைத்தியர் மேரி இரட்ணம் (1873–1962). கனடாவில் பிறந்து, 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். 1930இல் அவர் தொடக்கிவைத்த லங்கா மகிளா சமிதி, கிராமத்துப் பெண்களை ஒன்றுகூட்டிச் சமையல், சுகாதாரம், பிள்ளை வளர்ப்பு, வீட்டுத்தோட்டம் ஆகியவற்றைக் கற்பித்தது. பாடசாலைகளுக்கென உடல்நலக் கைநூல்களையும் அவர் எழுதினார். 1958இல் அவருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது.

1934–35இல் நாட்டை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டனர். வரட்சியால் விளைச்சல் பொய்த்திருந்த கிராமங்களில் காய்ச்சலும் பட்டினியும் கைகோத்து வந்தன. கொயினைன் மட்டும் போதாது, உணவும் மருந்தின் பங்காளி என்பதை அந்த ஆண்டுகள் கொடுமையாகக் கற்பித்தன.

1973இல் திரிபோஷா வந்தது. சோளமும் சோயாவும் சேர்ந்த இந்த மாவைக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நிறை குறைந்த பிள்ளைகளும் இலவசமாகப் பெற்றனர். ஆனால் மெலிந்த பிள்ளைக்கென்று கொடுத்த பைக்கற்றை மூன்று பிள்ளைகளுக்கும் பகிர்ந்து கொடுக்காத தாய் எங்கே இருக்கிறாள்? அவளைக் கடிந்து பயனில்லை. "வீட்டிலே எத்தனை பேர் இதைச் சாப்பிடுகினம்?" என்று கேட்கத் தெரிந்த உத்தியோகத்தருக்கே உண்மை கிடைக்கும். அதன் பிறகுதான் ஆலோசனை தொடங்க முடியும்.

சில குறைகளைச் சட்டமே தீர்க்கும். 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமானது. கழுத்துக் கழலையைத் தடுக்க எந்தத் தாயும் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் தட்டில் எதை, எவ்வளவு போடுவது என்பதைச் சட்டம் தீர்மானிக்காது. அங்கே கல்விதான் கைகொடுக்கும். அதற்குச் சிறந்த சான்று தாய்ப்பால். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். எந்த மாத்திரையும் சாதித்ததல்ல இது. கிளினிக்கிலும் வீட்டிலும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்த பெண்களின் உழைப்பு. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஐந்து வயதுக்குட்பட்டோரில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், தோட்டப்புறங்களில் அது 32 சதவீதம். வருமானமும் வாய்ப்பும் இல்லாத இடத்தில் பாடம் மட்டும் வயிற்றை நிரப்பாது என்பதையும் நாம் மறக்கலாகாது.

மருத்துவர்களாகிய நாம் சிகிச்சை அறைகளில் நாளாந்தம் காண்பதும் இதுதான். "சோற்றை விட்டிட்டன் டொக்டர், குரக்கன் பிட்டுத்தான்" என்பார் நீரிழிவு நோயாளி. குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் உண்டு. ஆனால் அதுவும் மாப்பொருளே. இரண்டு நீத்துப்பெட்டிப் பிட்டு, குருதிச் சீனியை ஏற்றாமல் விடாது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் தாய்க்கு அதன் பயன் பெருமளவு போய்விடுகிறது. முருங்கையிலை வறையில் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்பு உடலில் சேர்வது கூடும். இவற்றைச் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும். நீண்ட வரிசையில் எமக்கு அது கிடைப்பதில்லை. "சீனியைக் குறையுங்கோ" என்ற ஒற்றை வரியோடு துண்டு கைமாறுகிறது. வீட்டில் சமைப்பவரோ பெரும்பாலும் அந்த அறையிலேயே இருப்பதில்லை.

ஆகவே அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னரே பாடம் தொடங்கியிருக்க வேண்டும். நம் வகுப்பறைகளில் அது மனைப்பொருளியல் என்ற பெயரில் இருந்தது. விஞ்ஞானப் பிரிவுக்குப் போகிறவர்களுக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் அன்று ஊரெங்கும் இருந்தது. இன்றும் முற்றாகப் போய்விடவில்லை. சமநிலை உணவைப் பற்றி அங்கே படித்தவை பின்னாளில் மருத்துவக் கல்லூரியில் படித்தவற்றுக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

தென்னாசியர்களுக்கு ஒப்பீட்டளவில் குறைந்த உடல்நிறையிலேயே நீரிழிவு வருகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் எம் சகோதரிகளின் தட்டுகளுக்கும் இது பொருந்தும். நூற்றாண்டு காணும் இவ்வேளையில் எமது சங்கம் கல்லூரிக்குக் கொடுக்கக்கூடியவை பல. கட்டடமும் கணினியும் வேண்டியவையே. அவற்றோடு, ஒவ்வொரு மாணவியும், எந்தப் பிரிவில் படித்தாலும், தன் வீட்டுத் தட்டை வாசிக்கத் தெரிந்தவளாக வெளியேற வழிசெய்வோமாக. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அவளது அடுப்படியைச் சுற்றியுள்ளோர் அனைவருக்கும் சொல்லிக்கொடுத்ததாகும்.