திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம்: நகராட்சி நிர்வாகம்

திருச்சிராப்பள்ளி நகராட்சி, 1865-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டப்படி 1866 நவம்பர் 1 அன்று அமைக்கப்பட்டது. பதவிவழி உறுப்பினர் இருவர், நியமன உறுப்பினர் ஒன்பது பேர். வாக்கு வாங்கி வந்தவர் ஒருவரும் இல்லை. ஊராருக்கு அதிகாரம் தருவதைவிட அரசின் செலவை ஊர்மேல் இறக்கி வைப்பதே அச்சட்டத்தின் உள்நோக்கம் எனலாம்: நகரப் போலீஸ் செலவில் முக்கால் பங்கு நகராட்சியின் தலையில் விழுந்தது. 1871-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுமையை இறக்கிவிட்டுப் பள்ளி, தடுப்பூசி முதலியவற்றை ஏற்றியது. உறுப்பினர் தேர்தல் 1877-இல் வந்தது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1871-இல் தனி நகராட்சியான ஸ்ரீரங்கத்தின் சிக்கல் வேறு வகை. அரங்கநாதர் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிப்புற மூன்றில் வீடுகளும் கடைகளும் உள்ளன. தேர் ஓடும் சித்திரை வீதியில் குப்பை அள்ளுவதும் சாக்கடை பார்ப்பதும் நகராட்சியின் வேலையாக இருந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு வந்து குவிந்தவர்கள் வெளியூரார். வீட்டு வரி கட்டியவர்களோ ஸ்ரீரங்கம் தீவுக்குள் குடியிருந்த சில ஆயிரம் குடும்பத்தார்.

1994-இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் திருச்சியோடு இணைக்கப்பட்டு மாநகராட்சி உருவானது. ஸ்ரீரங்கம் அதில் ஒரு கோட்டமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. எவற்றை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டது. ஆணையர் இன்றும் மாநில அரசால் நியமிக்கப்படுபவரே. மேயர் தேர்தல் முறையும் சென்னையில்தான் முடிவாகிறது: 1996, 2001, 2011-இல் மக்கள் நேரடியாக வாக்களித்தனர்; 2006, 2022-இல் மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர்.

2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தலே இல்லை. நிர்வாகம் தனி அலுவலரிடம் இருந்தது. தெருவிளக்கு எரியாவிட்டால் கேட்பதற்கு வார்டு கவுன்சிலர் கிடையாது. 2022 பிப்ரவரி 19-இல் 65 வார்டுகளுக்கு வாக்குப்பதிவு நடந்தது. புதிய மாமன்றம் பதவியேற்ற சில வாரங்களில் சொத்துவரியை உயர்த்தும் அரசாணை வந்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடு, பெரிய வீடுகளுக்கு அதைவிடக் கூடுதல். மத்திய நிதிக்குழு மானியத்துக்கு விதித்த நிபந்தனையையும் அரசு காரணமாகக் காட்டியது. விகிதம் மேலிருந்து வந்தது. வீட்டு வாசலில் பதில் சொல்லும் பொறுப்பு புதிய கவுன்சிலர்களுடையதாயிற்று.

அதிகாரம் உண்மையிலேயே கீழே இறங்கிய இடம் ஒன்றும் திருச்சியில் உண்டு. குடிசைப் பகுதிகளின் சமுதாயக் கழிப்பிடங்களைக் கிராமாலயா போன்ற தொண்டு நிறுவனங்களின் துணையுடன் அந்தந்தப் பகுதிப் பெண்கள் குழுக்கள் ஏற்றன. கட்டணம் வசூலித்துக் கணக்கு எழுதி, பராமரிப்பும் பார்த்தன. புறநகர் ஊராட்சிகளிலோ மாநகராட்சியோடு இணைவதற்கு எதிர்ப்பே மிகுதி: வீட்டு வரி ஏறும், 100 நாள் வேலை போய்விடும் என்பவை அங்குள்ளவர்கள் சொன்ன காரணங்கள்.