கொடைமடம்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு முதலில் பழகிய சொல் ‘லார்ழெஸ்’. தாராளம் என்று பொருள். இடைக்காலத்தில் பிரபுக்களிடம் கட்டியங்காரர்கள் இதையே கூவிக் கேட்பார்கள்.

நம் ‘கொடைமடம்’ கேளாமலே கொடுப்பது. மடம் என்றால் அறியாமை. வறண்ட குளம், வயல், களர்நிலம் என்று பாராமல் பெய்யும் மழையைப் போன்றவன் பேகன் என்கிறார் பரணர் (புறநானூறு 142). அந்த மடம் அவனுக்குக் கொடையில் மட்டும்தான், போரில் இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். ஆக, அவன் விவரம் தெரியாதவன் அல்லன். கொடுக்கும்போது கணக்குப் பார்க்காதவன்.

தகுதிச் சான்று கேட்டே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். பேகனிடம் மயில் விண்ணப்பமா போட்டது? போர்வை கிடைத்ததே! நண்பர்களே, அலுவலகத்துக்கு விதி வேண்டும். வீட்டு வாசலில் கொஞ்சம் மடம் இருக்கட்டும்.