எபிசோடு எழுத்து வடிவம்: ட்ரெபிள் ஏன் காதைக் குத்துது?

கும்மிடிப்பூண்டியில இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவங்க அப்பா சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லில் இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அப்பாவோட பழைய கேசட்டுகளைக் கேட்க, ஒரு செகண்ட் ஹேண்ட் டெக், ஆம்ப்ளிஃபயர், ரெண்டு ஸ்பீக்கர் எல்லாம் தேடிப்பிடிச்சு வாங்கியிருக்கார். பாட்டு போட்டு அஞ்சே நிமிஷம். "காதைக் குத்துதுப்பா, நிறுத்து"ன்னு அப்பா எழுந்து போயிடுறாராம். "ஸ்பீக்கரை மாத்திடலாமா ப்ரோ?" இதுதான் கேள்வி.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பார்த்துடலாம். ஏன்னா ட்ரெபிள் பல நேரம் தற்செயலா கூடுறதில்லை. வேணும்னே கூட்டி வைப்பாங்க, கேட்கும்போது அதே அளவு குறைக்கணும்னு ஒரு ஒப்பந்தத்தோட.

இசைத்தட்டுல இருந்தே இது உண்டு. தட்டைத் தேய்க்கிற ஊசியின் இரைச்சல் பெரும்பாலும் மேல் ஸ்தாயியில இருக்கும். அதனால பதியும்போது ட்ரெபிளைத் தூக்கிப் பதிந்து, கேட்கும்போது இறக்குவார்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேறயா இருந்தது. 1954-ல் அமெரிக்க ரெக்கார்டிங் சங்கம் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தது. 10,000 ஹெர்ட்ஸில் சுமார் 13.7 டெசிபல் இறக்கம். ஆம்ப்ளிஃபயர்ல 'ஃபோனோ'ன்னு தனி சாக்கெட் இருக்கிறது இதுக்குத்தான். அதை விட்டுட்டு 'ஆக்ஸ்'ல சொருகினா பாஸ் காணாம போயிடும், ட்ரெபிள் கிழியும்.

கேசட் கதையில நம்ம நாடும் வருது. பிலிப்ஸ் 1963-ல் கேசட்டை அறிமுகம் செய்தது. நாடா ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான். ஸ்டூடியோ டேப் 38 சென்டிமீட்டர்ல ஓடும். வேகம் குறைவு, அகலமும் குறைவு, அதனால 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு இரைச்சல் பின்னாடியே ஓடிட்டிருக்கும்.

அதே 1963-ல் ரே டால்பி என்கிற அமெரிக்க எஞ்சினியர் யுனெஸ்கோ ஆலோசகரா இந்தியாவுக்கு வந்தார். சண்டிகரில் இருக்கும் மத்திய அறிவியல் கருவிகள் அமைப்போட வேலை. 1965 வரை இங்கே இருந்தார். டேப் இரைச்சலைக் குறைக்கும் யோசனை உருவானது அந்த இந்திய வருஷங்கள்லதான். 1965-ல் லண்டன் போய் டால்பி லேபரட்டரீஸ் தொடங்கினார். ஸ்டூடியோக்களுக்கு முதலில் 'டால்பி ஏ'. வீடுகளுக்கு 1968-ல் 'டால்பி பி'.

என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது சுலபமா புரியும். என்கோட், டிகோட், அவ்வளவுதான். பதியும்போது மெல்லிய ஒலியில் இருக்கும் ட்ரெபிளை மட்டும் சுமார் 10 டெசிபல் வரை தூக்குவார்கள். சத்தமான இடங்களைத் தொடுவதில்லை, அங்கே இரைச்சல் காதுக்குத் தெரியாது. கேட்கும்போது அதே அளவு இறக்கினால் பாட்டு பழைய நிலைக்கு வரும், கூடவே நாடாவின் இரைச்சலும் இறங்கும்.

டிகோடர் இல்லாத டூ-இன்-ஒன்னில் அந்தக் கேசட்டைப் போட்டா? தூக்கினது தூக்கினபடியே நிக்கும். சின்ன ஸ்பீக்கர், தேய்ந்த ஹெட்னு இருந்த செட்டுல அது 'நல்லா பளிச்சுன்னு இருக்கே'ன்னு தோணும். அதே கேசட்டை நல்ல ட்வீட்டர் உள்ள ஸ்பீக்கரில் போட்டால் ஒவ்வொரு 'ச'வும் 'ஸ'வும் ஊசி மாதிரி வந்து குத்தும்.

அதனால முதல்ல கேசட் லேபிளைப் பாருங்க. டால்பியின் ரெட்டை 'டி' முத்திரை இருந்தா டெக்கில் டால்பி பி ஸ்விட்சை ஆன் பண்ணுங்க. ட்ரெபிள் குமிழைத் திருகுவது இதுக்கு ஈடாகாது. குமிழ் மெல்லிய ஒலி, சத்தமான ஒலி எல்லாத்தையும் ஒரே அளவு வெட்டும். முத்திரை இல்லாத கேசட்டுக்கு ஸ்விட்ச் ஆஃப்லயே இருக்கணும், இல்லன்னா பாட்டு போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும்.

அடுத்தது அறை. நம்ம வீடுகள்ல டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை. ட்ரெபிள் எல்லா பக்கமும் பட்டுத் திரும்பும். ஒரு கெட்டி ஜமக்காளம், கனமான திரைச்சீலை போதும், வித்தியாசம் தெரியும். ஸ்பீக்கரைக் காதுக்கு நேரா வைக்காம கொஞ்சம் விலக்கித் திருப்பி வையுங்க.

இதெல்லாம் செஞ்சும் அப்பா எழுந்து போறார்னா, அடுத்து பார்க்க வேண்டியது அவர் காதைத்தான்.

1886-ல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் நூறு பாய்லர் தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருத்தருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. இரும்பு மேல சுத்தியல் அடிக்கிற சத்தத்துல வேலை பார்த்தவங்க. ஆலைச் சத்தம் பெரும்பாலும் முதலில் அடிப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், ட்ரெபிள் இருக்கிற இடத்தில். அப்படிக் கெட்ட காதுக்கு ஒரு வினோதம் உண்டு. மெல்லிய ட்ரெபிள் கேட்கவே கேட்காது, கொஞ்சம் கூட்டினதும் திடீர்னு வலிக்கும். "என்ன சொல்ற, கேக்கல"ன்னும், அடுத்த நொடி "ஏன் கத்துற"ன்னும் ஒரே ஆள் சொல்றது இதனாலதான். வீட்டுல அதைக் கோபம்னு நினைச்சுக்கிறோம்.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு நம்ம நாட்டுச் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களில் ஒன்று. அது வயசான காதுன்னு ஒதுக்கிட வேண்டிய விஷயம் இல்ல. அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆடியோமெட்ரி எடுக்கச் சொல்லுங்க. எந்த மில்லில், எத்தனை வருஷம், எந்த மெஷின் பக்கத்தில்னு டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. அந்தக் கிராஃபில் 4,000 பக்கம் ஒரு பள்ளம் தெரிஞ்சா, நீங்க எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் அது அப்படியேதான் இருக்கும்.

ஸ்பீக்கருக்கு வச்ச காசைக் கொஞ்ச நாள் அப்படியே வையுங்க ப்ரோ. ஒருவேளை அது ஹியரிங் எய்டுக்குத் தேவைப்படலாம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.