கல்லில் எழுந்த தமிழ்ப் பள்ளிவாசல்

ஓரிக்கையில் நம் காலத்தில் எழுந்த கருங்கல் மணிமண்டபத்தைக் காண்போர், தூண், போதிகை, உத்தரம் என்னும் பழந்தமிழ்க் கல்வேலை இன்றும் வாழ்வதை உணர்வர். அக்கல்வேலையையே கீழக்கரைப் பழைய ஜும்மாப் பள்ளிவாசலிலும் காண்கிறோம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல் துறையில் அரபுநாட்டுக் குதிரைகள் வந்திறங்கின. கடல்வணிகத்தால் இக்கரையில் வேரூன்றிய இஸ்லாம், தமிழ் மண்டப அமைப்பையே தன் தொழுகைக்கு இடமாக்கிக்கொண்டது. சிற்பிகள் உருவங்களை விலக்கி, மலரும் கொடியும் செதுக்கினர். மக்காவின் திசை காட்டும் மிஹ்ராப் மேற்குச் சுவரில் அமைந்தது. 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவு பெற்ற உமறுப்புலவர், நபிகள் நாயகத்தின் வாழ்வைச் சீறாப்புராணமாகப் பாடினார்.

நம்பிக்கையில் தளராது தமிழ் வடிவம் பூண்ட இம்மக்களை அந்நியர் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. கூர்வளைவும் ஊசிக்கோபுரமும் கொண்ட ஆலயங்களை மேனாட்டாரிடமிருந்து பெற்ற திருச்சபையினராகிய நாம், இக்கற்றூண்களிடம் கற்கவேண்டியது மிகுதி.